செஞ்சி மதிலின் நீளம் என்ன?

(ஆனைக்குட்டத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய சொற்பொழிவுக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செஞ்சிக் கோட்டையின் மதில் எவ்வளவு நீளம்? விடை சுற்றுலாக் கையேடுகளில் தயாராக இருக்கிறது: 13 கிலோமீட்டர். அதற்கு அடுத்த வரியில், மதில் வளைத்திருக்கும் பரப்பு 11 சதுர கிலோமீட்டர் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 2025 ஜூலையில் மராத்தியர்களின் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை; பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. ஆகவே இனி இந்த எண்களை உலகம் முழுவதும் படிப்பார்கள், பிள்ளைகள் தேர்வில் எழுதுவார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை இணைத்து, ஏறத்தாழ முக்கோணமாக அமைந்தது. முக்கோணங்களில் ஒரே சுற்றளவுக்கு அதிகப் பரப்பை அடைப்பது சமபக்க முக்கோணம். 13 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சமபக்க முக்கோணம் அடைக்கும் பரப்பு 8.13 சதுர கிலோமீட்டர். அதற்கு மேல் எந்த முக்கோணத்தாலும் அடைக்க முடியாது. முக்கோணம் என்பது பேச்சுக்குத்தானே, பக்கங்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கலாமே என்றால், சதுரமாகவே எடுத்துக்கொள்வோம். 13 கிலோமீட்டர் சதுரம் 10.56 சதுர கிலோமீட்டரை அடைக்கும். அப்போதும் 11 வரவில்லை. மதில் வட்டத்தை நெருங்கினால்தான் இரண்டு எண்களும் ஒத்துவரும். மலைமுகடுகளைப் பிடித்துப் பிடித்துச் செல்லும் செஞ்சி மதில் வட்டம் அன்று. முக்கோணத்துக்கு 11 சதுர கிலோமீட்டர் வேண்டுமானால் சுற்றளவு குறைந்தது 15.1 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். ஆக, இரண்டு எண்களுள் ஒன்று தவறு; அல்லது இரண்டும் இருவேறு பொருள்களின் அளவு. பின்னது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நீளத்தை அளந்தவர் எதை மதில் என்று எடுத்துக்கொண்டார், பரப்பை அளந்தவர் எதைக் கோட்டை என்று எடுத்துக்கொண்டார் என்பது எண்களோடு சேர்ந்து வரவில்லை. அளவு வந்து சேர்ந்தது, அளந்த முறை வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மதிலின் நீளம் தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பதுபோலக் கிடைக்கும் உண்மை அல்ல. அளப்பவர் முன்கூட்டியே எடுத்த சில முடிவுகளின் விளைவு. அந்த முடிவுகளைச் சொல்லாத எண்ணால் மதிலைப் புரிந்துகொள்ளவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. இதுவே இன்று நான் நிறுவ விரும்புவது.

அந்த முடிவுகள் எவையென்று செஞ்சியிலேயே பார்க்கலாம். முதலாவது, எந்த மதில் என்பது. செஞ்சியில் இருப்பது ஒரே மதில் அல்ல. மூன்று மலைகளையும் சேர்த்து வளைக்கும் புறமதில் ஒன்று. ஏறத்தாழ 60 அடி தடிமனும், அதற்கு வெளியே 80 அடி அகல அகழியும் கொண்டது என்று சொல்லப்படுவது இதுதான். ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி அரண்கள் உண்டு. 800 அடி உயர ராஜகிரியில் ஏறும் வழியில் வாசல் கடந்தால் வாசல், அதற்குரிய மதில், அதற்கு மேல் இன்னொரு மதில் என்று அடுக்கடுக்காக வருகின்றன. இவற்றை ஒரே காலத்தில் ஒரே மன்னர் கட்டவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் தொடங்கிவைத்ததாக மரபு கூறும் கோட்டையை விஜயநகரத்தின் நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1649-இல் பிஜப்பூர்ப் படையும், 1677-இல் சிவாஜியும், ஏழாண்டுக்கும் மேற்பட்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பழுது பார்த்தார்கள், உயர்த்தினார்கள், பீரங்கிக்கு ஏற்ப மாற்றினார்கள். புறமதிலை மட்டும் அளந்தால் ஓர் எண், உள்மதில்களையும் கூட்டினால் அதைவிடப் பெரிய எண். இரண்டாவது முடிவு, இடைவெளி பற்றியது. செங்குத்தான பாறை இருக்கும் இடத்தில் மதில் கட்டத் தேவையில்லை, பாறையே அரண். கோட்டையைத் திட்டமிட்டவன் அந்தப் பாறையைத் தன் காவல் கோட்டின் பகுதியாகவே கருதினான். கல் அடுக்கியதை மட்டும் அளப்பவர் அங்கே சங்கிலியை நிறுத்திவிடுவார். காவல் கோட்டை அளப்பவர் பாறையையும் சேர்ப்பார். திருவண்ணாமலைச் சாலை கோட்டைக்குள் புகுந்து மதிலை வெட்டிச் செல்லும் இடத்தைச் சேர்ப்பதா விடுவதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைச் செய்தோம் என்று சொல்லாமல் விடுவதற்குத்தான் நியாயம் இல்லை.

மூன்றாவது முடிவு மலைக்கோட்டைகளுக்கே உரியது. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்தால் கிடைப்பது சமதள நீளம். மதிலின் மேல் நடந்து அளந்தால் கிடைப்பது சரிவு நீளம். சரிவு 10 பாகையாக இருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைதான், விட்டுவிடலாம். 30 பாகையானால் சரிவு நீளம் நூற்றுக்கு 15 கூடுகிறது. 45 பாகையானால் 41 கூடுகிறது. மதிலுக்கு வேண்டிய கல்லையும் சுண்ணாம்பையும் கணக்கிட்ட கொத்தனாருக்கும் இன்று அதைப் பழுது பார்ப்பவருக்கும் தேவை சரிவு நீளம். நிலப் பதிவேட்டுக்கும் பரப்புக் கணக்குக்கும் தேவை சமதள நீளம். நான்காவதாக, தடித்த மதிலின் எந்தக் கோட்டில் அளப்பது? உள்முகமா, வெளிமுகமா, நடுவா? சுற்றி வளைத்து மூடும் மதிலில் வெளிச் சுற்று உட்சுற்றைவிட, வளைவாகச் சென்றால் தடிமனைப்போல் ஆறேகால் மடங்கும், நான்கு மூலைகள் வைத்துச் சென்றால் எட்டு மடங்கும் கூடும். கோட்டை பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு மாறுவதில்லை. செஞ்சிபோன்ற பெரிய கோட்டைக்கு இது நூற்றுக்கு ஒன்று அளவில் நின்றுவிடும். சிறிய கோட்டையில் அப்படி ஒதுக்கிவிட முடியாது.

சிறிய கோட்டைக்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் அந்தக் கோட்டையை விவரிக்கிறார். ஒழுங்கற்ற இணைகர வடிவம். இரு பக்கங்கள் ஏறத்தாழ 500 அடி, மற்ற இரு பக்கங்கள் ஏறத்தாழ 300 அடி. முழுக்க முழுக்க மண்ணால் ஆனது. கூட்டினால் 1,600 அடி, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த மதிலில் சிறிய சதுரக் கொத்தளங்கள் நெருக்கமாக வைக்கப்பட்டிருந்தன. கொத்தளத்துக்கும் கொத்தளத்துக்கும் இடைப்பட்ட மதில் மிகக் குறுகியது. ஒவ்வொரு சதுரக் கொத்தளமும் வெளியே எத்தனை அடி நீட்டிக்கொண்டிருந்ததோ அதைப்போல் இரு மடங்கைக் காவல் முகத்தின் நீளத்தில் கூட்டுகிறது. அரைவட்டக் கொத்தளமானால், தான் அடைத்த நேர்கோட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். தாக்கியவர் தொலைவிலிருந்து கண்ட மதில் 1,600 அடி. உள்ளே நின்று ஒவ்வொரு முழத்துக்கும் காவல் வைத்த, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்களுக்கு அது அதைவிட நீண்ட மதில். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீண்ட பிறகு சில நாள்களில் எழுப்பப்பட்ட இரண்டாவது மதில் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1799-இல் கட்டபொம்மன் காலத்தில் நின்ற மதிலை வெல்ஷின் எண்ணால் அளந்துவிட முடியாது. அதுபோலவே இன்று அங்கே போய் நாடா பிடிப்பவர் அளப்பது 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டையின் மதிலை. மூன்றும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை என்ற ஒரே பெயரில் வழங்குவன.

எந்தக் காலத்து மதில் என்பது எல்லாவற்றிலும் கடினமான முடிவு. அதை விளக்க நெடுங்கோட்டையைவிடப் பொருத்தமானது தென்னாட்டில் இல்லை. கார்த்திகைத் திருநாள் ராமவர்மா திருவிதாங்கூரை ஆண்டபோது, முன்பு டச்சுக் கம்பெனிப் பணியில் இருந்த தெ லனோய் துணையுடன், மேற்கே கிருஷ்ணன்கோட்டைக் கழிமுகப் பகுதியிலிருந்து கிழக்கே ஆனைமலை வரை எழுப்பப்பட்ட காவல் கோடு அது. 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். 48 கிலோமீட்டருக்கும் ஒரே மதில் இருந்ததாக நாம் மனத்தில் படம் வரைந்துகொண்டால் ஏமாந்துபோவோம். ஓர் இடத்தில் மண் அணை. அதன் முன்னே 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட அகழி. அகழியோரம் மூங்கிலும் முள்ளுமாக அடர்ந்த வேலி. மலைப்பக்கம் போனால் மலையும் காடுமே காவல். 1789 டிசம்பர் 29-ஆம் நாள் திப்பு சுல்தானின் படை இந்தக் கோட்டைத் தாண்ட முயன்று பின்வாங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. உடைத்த படையே பல இடங்களில் அணையை இடித்து அகழியைத் தூர்த்தது. பிறகு மழையும் உழவும் வீட்டு மனைகளும் மிச்சத்தைத் தின்றன. இன்று அதன் நீளம் என்ன? கட்டிய நாளின் நீளமா, உடைந்த நாளுக்கு முந்தின நாளின் நீளமா, இன்று கண்ணுக்குத் தெரிவதா? முள்வேலி நின்ற இடம் கணக்கில் வருமா? முள்வேலி படையைத் தடுத்தது; ஆனால் அடையாளமே இல்லாமல் மட்கிப்போனது.

மதுரையில் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்து மதிலை மாற்றி, 72 கொத்தளங்களோடு இரட்டை மதிலாகக் கட்டியதாக வரலாறு. இரட்டை மதிலை ஒருமுறை எண்ணுவதா, இருமுறை எண்ணுவதா என்ற வினா இருக்கட்டும். 1830-களின் இறுதியிலும் அதைத் தொடர்ந்தும் கலெக்டர் பிளாக்பர்ன் அந்த மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரத்தை விரிவாக்கினார். இடித்த இடத்திலும் தூர்த்த இடத்திலும் வீதிகள் வந்தன. வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. இன்று கல்லும் சுண்ணாம்புமாக எஞ்சியிருப்பது பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் நிற்கும் சிறு துண்டுதான். கண்ணால் காணும் மதிலை அளந்தால் அது சில அடிகளில் முடிந்துவிடும். வீதிகளை வைத்து அளந்தால் ஊரையே சுற்றி வரும். இரண்டாவது அளவை நான் தள்ளவில்லை. வீதி அமைப்பு நல்ல சான்று. ஆனால் அது மதில் சென்ற தடத்தின் நீளம். தடத்தையும் மதிலையும் ஒரே எண்ணில் கொட்டிவிட்டால், பிளாக்பர்ன் காலத்தில் என்ன நடந்தது என்பதே அந்த எண்ணில் தெரியாமல் போய்விடும்.

உலகத்தின் மிகப் பெரிய மதிலுக்கும் இதே இக்கட்டு வந்தது. அதைச் சீனர்கள் கையாண்ட விதத்தில் நாம் கற்க வேண்டியதும் உண்டு, தவிர்க்க வேண்டியதும் உண்டு. 2009 ஏப்ரலில் மிங் அரச காலத்துப் பெருஞ்சுவரின் நீளம் 8,851.8 கிலோமீட்டர் என்று அந்நாட்டுப் பண்பாட்டு மரபுத் துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து அறிவித்தன. அந்த எண்ணைத் தனியாக விடாமல் பிரித்தும் காட்டினார்கள்: கட்டிய சுவர் 6,259.6 கிலோமீட்டர், அகழி 359.7; மலை, ஆறு போன்ற இயற்கை அரண் 2,232.5. உலகமே சுவர் என்று நம்பும் நீளத்தில் கால்பங்கு, மனிதக் கை படாத மலையும் ஆறும். இதை மறைக்காமல் வெளியிட்டது பெரிய நேர்மை. மூன்றாண்டு கழித்து, 2012 ஜூனில், எல்லா அரச காலத்துச் சுவர்களையும் சேர்த்து 21,196.18 கிலோமீட்டர் என்று அறிவிப்பு வந்தது. சுவர் ஒரு முழம்கூட வளரவில்லை. சுவர் என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் அடக்குவது என்ற வரம்பு விரிந்தது. ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் சுவர்கள், நூற்றாண்டுகள் தள்ளிக் கட்டிய சுவர்கள், அழிந்துபோன பகுதிகள் எல்லாம் அதில் சேர்ந்தன. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சொன்ன அந்த எண்ணைப் படிக்கும் சாதாரண வாசகர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவ்வளவு தூரம் நடக்கலாம் என்றே எண்ணிக்கொள்வார். பிரித்துச் சொன்ன 2009-ஆம் ஆண்டு எண் கற்பித்ததை, கூட்டிச் சொன்ன 2012-ஆம் ஆண்டு எண் மங்கச் செய்துவிட்டது என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் தொடங்கிய மதில் இவற்றுக்கு மாறுபட்டது. அதன் நீளம் 80 உரோம மைல், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். இதில் பெரிய சர்ச்சை கிடையாது. காரணம், கட்டியவர்களே மைலுக்கு ஒரு சிறு காவலரணை வைத்து மதிலுக்குள்ளேயே அளவுகோலைப் பதித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மதிலிலும் ஓரிடத்தில் குழப்பம் உண்டு. மேற்குப் பகுதியில் முதலில் புல்கட்டியால் எழுப்பிய மதிலைப் பிறகு கல்லால் மாற்றினார்கள். பர்டோசுவால்டு என்ற இடத்துக்கு அருகே கல்மதில் பழைய புல்கட்டி மதிலின் தடத்தை விட்டு விலகி வேறு கோட்டில் செல்கிறது. அங்கே ஒரே மதிலுக்கு இரண்டு கோடுகள்.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் சொல்லலாம்: அப்படியானால் நீளம் என்ற ஒன்றே இல்லை என்கிறீர்கள், கடற்கரைக்குச் சொல்வதை மதிலுக்கும் சொல்கிறீர்கள். கடற்கரைச் செய்தி நமக்குப் புதிதன்று. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பல பத்தாண்டுகள் படித்தோம். இப்போது மத்திய அரசின் கணக்கு 11,098.81 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரை 906.9-லிருந்து 1,068.69 ஆகியிருக்கிறது, மாநில அரசின் ஆவணங்களில் 1,076 என்றும் உண்டு. முன்பு சிறிய அளவை வரைபடத்தில் அளந்தார்கள், இப்போது நுணுக்கமான வரைபடத்தில் அளக்கிறார்கள். ஒவ்வொரு கழிமுகமும் வளைவும் புதிதாகக் கணக்கில் ஏறுகிறது. ஆய்வாளர் லூயிஸ் ரிச்சர்ட்சன் இதை முன்பே கண்டார்: ஸ்பெயினும் போர்ச்சுகலும் பகிரும் ஒரே எல்லைக்கு 987 கிலோமீட்டர், 1,214 கிலோமீட்டர் என்று இரு கணக்குகள் வழங்கின. 1967-இல் கணித அறிஞர் மாண்டெல்பிராட் அதைக் கணிதக் கோட்பாடாக வளர்த்தார்: அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடிக்கொண்டே போகும், நிற்குமிடம் இல்லை. மதில் அப்படிப்பட்டதில்லை என்பதே என் விடை. கடற்கரையை யாரும் நூல் பிடித்துக் கட்டவில்லை. மதிலைக் கயிறு கட்டி, நேர்பார்த்து, வரிசை வரிசையாகக் கல் வைத்துக் கட்டினார்கள். அளவுகோல் ஒரு கல்லின் அளவுக்கு வந்தபின் அதற்கும் கீழே போய்க் கல்லின் முகத்துச் சொரசொரப்பை அளப்பதில் பொருள் இல்லை. ஆகவே மதிலுக்கு நீளம் உண்டு. உள்முகத்தின் நீளம், காவல் கோட்டின் நீளம், இன்று நிற்கும் கட்டுமானத்தின் நீளம் என்று ஒவ்வொன்றும் உறுதியாக அளக்கத்தக்கது. பல நீளங்கள் இருப்பதும் நீளமே இல்லாமற்போவதும் ஒன்றல்ல.

இன்னொரு மறுப்பு, செயற்கைக்கோளும் லேசர் அளவையும் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பது. கருவிகள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. துல்லிய அளவையின் பெரும் வரலாறு ஒன்று தொடங்கியதே நம் மண்ணில்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் நில அளவையாளர் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடித்தளக் கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதற்கு 57 நாள் ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காக வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டார். தரையின் ஏற்ற இறக்கத்துக்கும் கடல் மட்டத்துக்கும் தனித்தனித் திருத்தம் போட்டார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் பணி அந்தக் கோட்டின்மேல் எழுந்தது. லாம்டனுக்கு அந்தத் துல்லியம் கைகூடியதற்கு ஒரு காரணம், அவர் அளந்த கோட்டின் இரு முனைகளையும் அவரே முடிவு செய்ததுதான். செஞ்சியில் முனைகளை முடிவு செய்தவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. லேசர் கருவி கோடிக்கணக்கான புள்ளிகளை அங்குலத் துல்லியத்தில் தரும். அவற்றுள் எந்தப் புள்ளி மதிலைச் சேர்ந்தது, எது சரிந்த கற்குவியல், எது பின்னாளில் உழவர் வயலோரம் அடுக்கிய கல் என்பதைத் தராது. அதைச் சொல்லக் கட்டுமானம் அறிந்த கண்ணும் ஆவணம் படித்த அறிவும் வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் அது நல்லெண்ணத்தோடு வருவது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்றால் போதாதா? வருகிறவருக்குப் பிரம்மாண்டம் புரிந்தால் சரி. மீட்டர் கணக்கில் சண்டை போட்டு ஆவதென்ன? ஆவது நிறைய இருக்கிறது. செஞ்சி 1921-இலிருந்து நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம். தொல்சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதையும் கட்டலாம். இந்த 100 மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது? மதிலின் வெளிமுகத்திலிருந்தா, அகழியின் வெளிக்கரையிலிருந்தா, தூர்ந்துபோன அகழியின் தடத்திலிருந்தா? அகழியே 80 அடி, அதாவது 24 மீட்டர். அந்த 24 மீட்டருக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டுமனை முழுதாக அடங்கிவிடும். கோடு எங்கே என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் நிம்மதி, மதிலுக்கும் பாதுகாப்பு. எழுதப்படாத இடத்தில் எளியவருக்கு அலைச்சலும் வலியவருக்கு வாய்ப்புமே மிஞ்சும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நிற்பதையும் விழுந்ததையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும்போது இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று நூறு மீட்டர் மதில் சரிந்து விழுந்தாலும் 13 கிலோமீட்டர் 13 கிலோமீட்டராகவே இருக்கும். கல்லை யாரேனும் அள்ளிக்கொண்டு போனாலும் அப்படியே இருக்கும். எதுவும் குறையாத எண் எதையும் காவல் காப்பதில்லை. ராஜஸ்தானத்துக் கும்பல்கர் மதிலுக்கு 36 கிலோமீட்டர் என்று நாடெங்கும் பெருமையோடு சொல்கிறோம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த ஆண்டில் யார் அளந்தது என்பது அந்த எண்ணோடு வருவதில்லை. பெருமைக்கு அது போதும். அடுத்த தலைமுறை தன் கைக்கு வந்ததை முந்தைய தலைமுறையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவாது.

இப்படிப் பிரித்துப் பிரித்துச் சொன்னால் மக்களிடம் மதிப்புக் குறைந்துவிடும், எட்டுக் கிலோமீட்டர்தான் நிற்கிறது என்றால் யார் வருவார்கள் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. நம் கல்வெட்டு மரபு அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சோழர் காலத்தில் நிலம் அளந்தபோது, எத்தனை சாண் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்துக் கல்லில் வெட்டினார்கள். பதினாறு சாண் கோல், பன்னிரு சாண் கோல், பதினெட்டுச் சாண் கோல் என்று ஊருக்கு ஊர் கோல் மாறியது. மாறியதாலேயே பெயர் சொல்லிக் குறித்தார்கள். கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே வெட்டிவைத்து, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையை நடத்தியவருக்கு உலகளந்தான் என்ற பட்டமே கிடைத்தது. கோலின் பெயரைச் சொன்னதால் அந்த அளவையின் மதிப்பு குறையவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அதை நம்பிப் படிப்பதற்குக் காரணமே அதுதான். இந்த அவைக்கு மிக அருகே அர்ச்சுனா நதியை மறித்து நிற்கும் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தின் கரையையும் எண்ணிப் பாருங்கள். அணைக்கரை நீளம் என்று பொறியாளர் சொன்னால் அது கரையின் உச்சியில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எடுத்த நீளம். கரையின் அடியில் அளந்தால் வேறு எண் வரும். யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் எங்கே அளப்பது என்ற மரபு எண்ணுக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. பழைய மதில்களுக்கு அந்த மரபு இன்னும் நிலைபெறவில்லை.

அதை நிலைநாட்டுவது நம்மால் இயலாத பெருங்காரியம் அல்ல. கோட்டை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று நீளங்களைத் தனித்தனியே எழுத வேண்டும்: மதில் சென்றதாகச் சான்றுகள் காட்டும் தடத்தின் நீளம், அதில் மனிதர் கட்டிய பகுதியின் நீளம், அளந்த நாளில் எழுந்து நிற்கும் பகுதியின் நீளம். பாறை, ஆறு, அகழி ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. சமதளமா சரிவா, உள்முகமா வெளிமுகமா, உள்மதில்கள் சேர்ந்தனவா என்பது ஒரு வரியில். அளந்த ஆண்டு கட்டாயம். தடத்தைக் கிராம நில அளவைப் புலப்படத்தின் மேல் புல எண் வாரியாகக் குறித்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலரும் அதைப் படிக்கலாம், நிலம் வைத்திருப்பவரும் படிக்கலாம். செஞ்சிக்கும் வேலூருக்கும் நடுவண் தொல்லியல் துறை இருக்கிறது. நெல்லை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் பாளையக்காரர்களின் மண்கோட்டைகள் பல வெறும் மேடாகவும் ஊர்ப்பெயராகவும் எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு முதல் அளவே இன்னும் எடுக்கப்பட வேண்டும். மண்மதில் கல்மதிலைப்போல் காத்திருக்காது. ஒவ்வொரு ஐப்பசி மழையும் ஒரு கை மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் நில அளவை கற்கும் மாணவர்கள் களப்பயிற்சிக்காகக் கல்லூரி மைதானத்தையே ஆண்டுதோறும் அளப்பதற்குப் பதிலாக இவற்றை அளக்கலாம். வரலாற்றுத் துறை மாணவர்கள் உடன் செல்ல வேண்டும், தனியே விடக்கூடாது.

இதிலும் தீராத ஒரு கேள்வி இருக்கிறது, அதை மறைத்துப் போக விரும்பவில்லை. தொல்லியல் துறையே சரிந்த மதிலை மீண்டும் எடுத்துக் கட்டும்போது, அந்தப் பகுதியை எந்த நீளத்தில் சேர்ப்பது? பழைய கல்லைப் பழைய இடத்தில் வைத்திருந்தாலும் அதைப் பிணைக்கும் சாந்து இன்றையது. நிற்பது என்று எழுதினால் பழுது பார்த்த ஒவ்வோர் ஆண்டும் பழைய மதில் கூடியதுபோல் தோன்றும். விட்டுவிட்டால் செய்த நல்ல பணி கணக்கில் வராது. மீளக் கட்டியது என்று நான்காவது வரி ஒன்றைத் திறந்து, கட்டிய ஆண்டோடு எழுதுவதே இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. சரிவு எவ்வளவு இருந்தால் பழுதுபார்ப்பு, எவ்வளவு இருந்தால் மீளக் கட்டுதல் என்ற எல்லையைக் கொத்தனார்களும் பொறியாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் வகுக்க வேண்டும். அதைச் செஞ்சியின் புறமதிலிலிருந்தே தொடங்கலாம்.